அறைபறை

1991, இலங்கையின் வடக்கே போர்க்காலம். மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை, சவர்க்காரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். கல்லூரி மைதானத்து ஓரத்தில் நாங்களே பதுங்குகுழி வெட்டினோம். ‘ட’ வடிவில் வெட்ட வேண்டும். நேராக வெட்டினால் ஒரு முனையில் விழுந்ததன் சிதறல் மறுமுனை வரை வந்துவிடும். மேலே பனங்குற்றி, அதற்கு மேல் மண்மூடை.

ஒருநாள் குண்டுபோடும் பொம்மர் விமானத்தின் சத்தம் கேட்டு உள்ளே இறங்கினோம். தமிழ் மாஸ்டரும் கூடவே. பயத்தை மறக்கடிக்கத்தானோ என்னவோ, “ஒளிக்கிறதுக்கும் காக்கிறதுக்கும் தமிழிலை எத்தனை சொல் இருக்கு? சொல்லுங்கோ பாப்பம்” என்றார்.

மறை, பொத்து, புதை, மூடு என்று ஆளுக்கொன்று வந்தது. காதும் காதும் வைத்தாற்போல, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தல், கண்ணை இமை காப்பதுபோல. ஒருவன் “ஒளிச்சுப்பிடிச்சு” என்றதும் குழிக்குள் ஒரே சிரிப்பு. காப்பு என்ற சொல்லில் மாஸ்டர் நெடுநேரம் நின்றார். குழந்தையின் கையிலிருப்பதும் காப்பு, கோயிலில் கட்டுவதும் காப்பு, புலவர் நூல் தொடங்குமுன் பாடுவதும் காப்பு.

“சரி, வேலி அடைக்கிறது மறைக்கவோ, காக்கவோ?”

பின்னிய ஓலைக் கிடுகு மறைக்கும், நட்ட கதியால் காக்கும் என்று நான் கெட்டித்தனமாகச் சொன்னேன். பின்னாலிருந்து ஒரு குரல்: “பொட்டு வைக்க, சேர்!” வேலியில் பொட்டு, அதாவது ஆள் நுழையும் ஓட்டை, வைத்துப் பக்கத்து வளவுக்குப் போகாதவர் எங்கள் ஊரில் யார்? மாஸ்டரே சிரித்துவிட்டார்.

அந்தக் குரலுக்குரியவன்தான் அடுத்த மாதம் ஒரு கடிதம் எழுதினான். யாருக்கு என்பது எனக்கு மட்டும் தெரியும். காலையில் சொன்னான், இடைவேளைக்குள் வகுப்பே அறிந்துவிட்டது. மாஸ்டர் அடிக்கவில்லை. கரும்பலகையில் எழுதினார்:

அறைபறை அன்னர் கயவர்தாம் கேட்ட
மறைபிறர்க்கு உய்த்துரைக்க லான்.

கேட்ட இரகசியத்தை ஊருக்குக் கொண்டுபோய்ச் சொல்கிறவன் அடிக்கிற பறை மாதிரியாம். நூறு தடவை எழுதினேன். அன்றிலிருந்து என் பெயர் அறைபறை.

எனக்கும் ஒரு நியாயம் இருந்தது. அது வெகுநாள் கழித்துத்தான் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்காத காமத்துப்பாலில் அதே சொல்லை வள்ளுவர் கண்ணுக்கு வைத்திருக்கிறார். ‘அறைபறை கண்ணார்’ மனத்திலுள்ளதை அறிவது ஊராருக்குக் கடினமில்லை என்கிறாள் தலைவி. 1180ஆம் குறள். அவன் கண்ணை அந்த நாளில் பார்த்தவர்களுக்கு நான் வாய் திறந்திருக்கவே வேண்டியதில்லை.

போன வருடம் கனடாவின் ஸ்காபரோவில் நமது பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல். மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து அவன் “டேய், அறைபறை!” என்று கத்தினான். தலைமயிர் போய்விட்டது, குரல் போகவில்லை. என்ன பெயர் அது என்று மனைவி கேட்டார். “பள்ளிக்கூடத்திலை நான் மேளம் அடிக்கிறனான்” என்றேன்.

இது அச்சாகும் சங்க மலர் வீட்டுக்குத் தபாலில் வருமாம்.