எங்கே கிடந்தது?

உச்சிப்புளியில் தையல் கடை வைத்திருக்கிறேன். மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் அரியமான் கரைக்குப் போய், கல்லும் சிப்பியும் பார்த்துக்கொண்டே நடப்பது நான்கைந்து வருடப் பழக்கம். பள்ளியில் ஒருமுறை அரியலூர்ப் பக்கம் கூட்டிப்போய், கல்லாகிப்போன கடல் நத்தைகளைக் காட்டியிருக்கிறார்கள். அதிலிருந்து அவள் கண்ணில் படும் கல்லெல்லாம் புதைபடிவம்தான். வீட்டு ஜன்னல் திண்டில் இடமே இல்லாமல் போய்விட்டது.

போன தை மாதம் அந்த எலும்பு கிடைத்தது. வாடைக் காற்று ஓய்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. நல்ல வத்தம், தண்ணீர் தூரத்துக்கு உள்வாங்கியிருந்தது. வாடையில் ஒதுங்கிய தாழை கரை நெடுக மெத்தை மாதிரிக் குவிந்து கிடந்தது. கடலுக்கடியில் வளரும் புல்லைத்தான் எங்கள் பக்கம் தாழை என்போம். அந்தக் குவியலுக்கு அடியில் பழுப்புக் கறுப்பாக, வளைந்து ஒன்று தெரிந்தது. மகள் இழுத்தாள், வரவில்லை. நான் இழுத்ததும் வந்தது. கையில் எடுத்தவுடன் இரண்டு பேருமே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவ்வளவு கனம்.

வீட்டுக்கு வந்து இஞ்ச் டேப் வைத்துப் பார்த்தேன். நீளம் 32 சென்டிமீட்டர், தடித்த இடத்தில் அகலம் நாலரை. பக்கத்து மளிகைக் கடைத் தராசில் 720 கிராம். ஒரு முனை உடைந்திருந்தது. அந்த உடைந்த முகத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஆட்டு எலும்பை உடைத்தால் நடுவில் மஜ்ஜைக் குழி இருக்கும், விலா எலும்பானால் உள்ளே பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். சமைக்கிறவர்களுக்கு இது தெரியும். இதில் குழியும் இல்லை, ஓட்டையும் இல்லை. ஓரத்திலிருந்து நடுவரை ஒரே கட்டி. நகத்தால் தட்டினால் பீங்கான் கிண்ணம் மாதிரிச் சத்தம். எலும்பு கல்லாகிவிட்டது, இது ஃபாசில்தான் என்று மகள் முடிவே செய்துவிட்டாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினோம். யானைத் தந்தம் என்றார் ஒருவர், திமிங்கிலம் என்றார் இன்னொருவர். அப்புறம் யாரோ ஓர் அலுவலகத்தின் பெயரைச் சொல்லி, அங்கே பார்த்துச் சொல்வார்கள் என்றார்கள். கடையை அரை நாள் அடைத்துவிட்டுப் போனேன். இரண்டரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்து, பையைத் திறந்துகூடப் பார்க்காமல், இதற்கெல்லாம் இங்கே ஆள் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆள் இல்லாமல் இருக்கலாம், அதை வந்தவுடனே சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் மடியில் அந்தப் பையை வைத்துக்கொண்டு திரும்பி வந்த மனவருத்தம் இன்னும் இருக்கிறது.

மகளின் அறிவியல் ஆசிரியைதான் வழி காட்டினார். அவருக்குத் தெரிந்த புவியியல் பேராசிரியர் ஒருவர் இருக்கிறார், மெயில் போடுங்கள் என்றார். நான்கு படங்களோடு, "ஐயா, இது என்ன என்று சொல்ல முடியுமா" என்று எழுதினேன். நாலாம் நாள் பதில் வந்தது. பதில் என்று நினைத்துத் திறந்தால் முழுக்கக் கேள்விகள்.

எங்கே கிடந்தது? கரையில் எந்த இடம், மேப்பில் புள்ளி வைத்து அனுப்ப முடியுமா? தண்ணீர் ஏறும் கோட்டுக்கு மேலா, கீழா? மணலில் சும்மா கிடந்ததா, பாறைக்குள் பதிந்திருந்ததா? பக்கத்தில் வேறு என்ன கிடந்தது? அதன் பிறகுதான் படத்தைப் பற்றி. ஆறு பக்கமும் தனித்தனியாக, வெயில் நேரடியாகப் படாத வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுக்கச் சொன்னார். உடைந்த முனையை மட்டும் மிக அருகில். எதையும் ஊற்றிக் கழுவாதீர்கள், வார்னிஷ் அடிக்காதீர்கள், பசை போட்டு ஒட்டாதீர்கள் என்று கடைசியில் ஒரு வரி.

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. முந்தின வருடம் ராமேஸ்வரம் போனபோது எடுத்து வந்த ஒரு கல் எங்களிடம் இருந்தது. தேனடை மாதிரிக் கட்டம் கட்டமாக, உள்ளங்கை அளவு. பளிச்சென்று ஆகட்டும் என்று எலுமிச்சம்பழம் பிழிந்து ஊற்றியிருந்தேன். நுரை நுரையாகப் பொங்கியது. அழுக்குப் போகிறது என்று நினைத்தேன். போனது அழுக்கு இல்லை, கல்தான். பவளக்கல் முழுக்கச் சுண்ணாம்பு, அமிலம் பட்டால் கரையும். கட்டங்களின் விளிம்பில் இருந்த மெல்லிய கோடுகள் எல்லாம் மழுங்கிவிட்டன. அந்தக் கோடுகளை எண்ணித்தான் எந்த வகைப் பவளம் என்று பார்ப்பார்களாம்.

சரி, எலும்புக்கு வருகிறேன். அதற்கு எல்லாக் கேள்விக்கும் பதில் இருந்தது. கிடந்த இடம் எங்களுக்கு நன்றாக நினைவிருந்தது, மறுபடி போய்ப் புள்ளி வைத்தோம். மணலில் சும்மாதான் கிடந்தது, தாழைக்கு அடியில். வெள்ளைத் துணி விரித்து, இஞ்ச் டேப்பை நீட்டி வைத்து ஆறு பக்கமும் எடுத்து அனுப்பினேன். அவர் போனில் கூப்பிட்டார்.

"ஊசி இருக்குமே உங்களிடம்?" என்றார். மெஷின் ஊசி ஒன்றைக் குறடால் பிடித்து அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, உடைந்த முகத்தில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் தொட்டுவிட்டு மோந்து பார்க்கச் சொன்னார். தொட்டேன். மெலிதாக ஒரு புகை. முடி கருகும் வாசனை, லேசாகத்தான், ஆனால் சந்தேகமே இல்லை. எலும்புக்குள் புரதம் இன்னும் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். கல்லாக மாறிய எலும்பில் அந்த வாசனை வராது. மகள் முகம் வாடிப்போனது.

"அப்படியென்றால் ஏன் இவ்வளவு கனம்?" என்று கேட்டேன். "நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். உங்கள் கரையில் வயதான மீனவர் யாரிடமாவது காட்டினீர்களா?" என்றார். காட்டவில்லை. யார் யாருக்கோ அனுப்பிய எனக்கு, தினமும் அதே கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் தாத்தாவிடம் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை பையோடு போனேன். தாத்தா கையில்கூட வாங்கவில்லை. பையின் வாயை விலக்கிப் பார்த்தவுடன், "ஆவுளியா விலா எலும்புல்ல தாயி இது" என்றார். கடல்பசுவுக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. "கனமா இருக்குமே. அது தாழை மேயுற சாதி. மிதந்துக்கிட்டே எப்படி மேயும்? அதுக்குத்தான் எலும்பைக் கல்லு மாதிரி வச்சிருக்கான் ஆண்டவன்." அவர் சின்னப் பையனாக இருந்தபோது வலையில் வந்ததைப் பார்த்திருக்கிறாராம். "இப்பப் பார்த்தா விட்டுருவோம். கண்ணுல படுறதே அபூர்வம்."

பேராசிரியரிடம் இதைச் சொன்னேன். அவர் நினைத்ததும் அதேதான். கடல்பசு பாலூட்டி, மூச்சு விட மேலே வர வேண்டும், புல் மேயக் கீழே இறங்க வேண்டும். உடம்பைக் கீழே நிறுத்த எலும்பே எடைக்கல்லாக இருக்கிறது. அதனால்தான் விலாவில் மஜ்ஜைக் குழி கிடையாது. திமிங்கில எலும்பு இதற்கு நேர் எதிர், உள்ளே பஞ்சாக இருக்கும். செத்துச் சில வருடமே ஆன கடல்பசு எலும்பைக்கூடப் புதைபடிவம் என்று நினைத்து அனுப்புகிறவர்கள் பல நாட்டிலும் உண்டாம். எங்கள் கரையில் கோடிக்கணக்கான வருடத்துப் பாறை வெளியே தலைகாட்டுவதில்லை, இருப்பது மணலும் இளம் கற்களும்தான் என்றும் சொன்னார். அரியலூரில் பார்த்ததை அரியமானில் தேடியிருக்கிறோம்.

அடுத்து அவர் சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது. கடல்பசு, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. எலும்பைக்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது. செத்து ஒதுங்கியதாக இருந்தாலும் அது அரசுச் சொத்து. "பயப்படாதீர்கள், ஆனால் தள்ளிப்போடாதீர்கள். நீங்களே வனத்துறையில் சொல்லிவிடுங்கள்" என்றார்.

அன்றிரவு தூக்கம் இல்லை. எலும்பு மேஜை மேல் துணியில் சுற்றி இருக்கிறது, வெளியே ஒரு பைக் சத்தம் கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. காலையில் முதல் வேலையாக வனத்துறைக்குப் போன் செய்துவிட்டு, நேரில் போனேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர்கள் கேட்ட முதல் கேள்வியும் அதுதான்: "எங்கம்மா கிடந்தது?" நான் போனை நீட்டினேன். புள்ளி, தேதி, நேரம், தாழைக் குவியலோடு எடுத்த படம் எல்லாம் இருந்தது. அதைப் பார்த்த பிறகு பேச்சே தணிந்துவிட்டது. கடல்பசு எங்கே ஒதுங்குகிறது என்பது அவர்களுக்கும் வேண்டிய தகவல். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக 2022-இல்தான் அறிவித்தார்கள். எழுதி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொன்னார்கள். என் இஞ்ச் டேப்பிலேயே அளந்து நீளத்தைக் குறித்தார்கள். மகள் கடைசியாக ஒருமுறை அதைத் தடவிப் பார்த்தாள், யாரும் தடுக்கவில்லை.

தேனடைக் கல்லையும் அன்றே கொண்டுபோயிருந்தேன். பவளமும் 2001 முதல் அதே முதல் அட்டவணையில் இருக்கிறது, கரையில் செத்துக் கிடப்பதையும் எடுத்து வரக்கூடாது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ராமேஸ்வரம் போகிறவர்கள் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்று பையில் போட்டுக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன், நானே செய்தும் இருக்கிறேன்.

அந்தக் கல்லை நினைத்தால்தான் இன்னும் ஆறவில்லை. ராமேஸ்வரம் தீவின் வடகரையில், பவளங்கள் வளர்ந்த நிலையிலேயே தண்ணீர் மட்டத்துக்கு மேலே நிற்கும் பழைய பவளத்திட்டு ஒன்று இருக்கிறது, பார் என்போம். கடல் மட்டம் இப்போதிருப்பதைவிட உயரமாக இருந்த காலத்தில் வளர்ந்தது. ஸ்டாடர்ட், கோபிநாத பிள்ளை என்ற இருவர் 1972-இல் வெளியிட்ட ஆய்வில், ரேடியோ கார்பன் முறையில் அதற்குச் சுமார் 4000 வயது என்று வந்திருக்கிறது. எங்கள் கல் அந்தப் பாரிலிருந்து உடைந்ததாக இருந்தால் அதற்கும் அவ்வளவு வயது. போன புயலில் கடலுக்குள்ளிருந்து புரண்டு வந்ததாக இருந்தால் என் வயதுகூட இருக்காது. கையில் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது, கிடந்த இடம்தான் பிரிக்கும் என்றார் பேராசிரியர். ஓலைக்குடாப் பக்கமா, பாம்பன் பக்கமா, தனுஷ்கோடி போய்த் திரும்பும் வழியிலா, எனக்கு நினைவே இல்லை. மகளுக்கும் இல்லை. எலுமிச்சையில் போனது கொஞ்சம், இதில் போனது முழுவதும்.

ஜன்னல் திண்டில் மிச்சம் இருந்தவற்றையும் படம் எடுத்து அனுப்பினோம். பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்தது. சிப்பிகள் ஒட்டிக் கல்லான ஒரு துண்டு, நிச்சயம் பழையது என்று நம்பியிருந்தோம். பக்கவாட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஓரத்தில் பச்சையாக ஒரு சில்லு, சோடா பாட்டில் கண்ணாடி. கடல் நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு மணலைச் சீக்கிரமே ஒட்டிக் கல்லாக்கிவிடுமாம்.

இப்போது நாங்கள் எதையும் எடுப்பதில்லை. இஞ்ச் டேப்பில் ஒரு முழம் வெட்டி மகள் பையில் வைத்திருக்கிறாள். பார்த்தது பார்த்தபடி கிடக்க, முதலில் தூரத்திலிருந்து ஒரு படம், அப்புறம் டேப்போடு ஒன்று, மேப்பில் புள்ளி, நோட்டில் தேதி, வத்தமா ஏத்தமா என்று ஒரு வார்த்தை. தாத்தாவிடம் காட்டி அவர் சொல்லும் பெயரையும் எழுதிக்கொள்கிறாள். நோட்டில் இதுவரை நாற்பத்தொரு பதிவு.

போன வாரம் அம்மாவுக்கு மருந்து வாங்க ராமநாதபுரத்தில் நாட்டு மருந்துக் கடைக்குப் போயிருந்தோம். கண்ணாடி ஜாடியில் நண்டுக்கல் இருந்தது. நீரடைப்புக்கு நண்டுக்கல் பற்பம் செய்வார்களே, அந்தக் கல். சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான், நின்று பார்த்ததில்லை. மகள் ஒன்றை வாங்கி உள்ளங்கையில் திருப்பினாள். ஓடு, மடங்கிய கால், கொடுக்கின் நுனி, எல்லாம் சாம்பல் நிறக் கல். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு அங்கேயே டேப்பை வைத்துப் படம் எடுத்து அனுப்பினாள். பேராசிரியர் அன்று மாலையே பதில் போட்டார். உண்மையாகவே கல்லான நண்டுதான், சேற்றில் புதைந்து இறுகியது, எங்கே கிடந்தது?

கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். மதுரையிலிருந்து மூட்டையில் வருகிறது, அதற்கு முன்னால் தெரியாது என்றார். அடுத்த சரக்கு வரும்போது கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். என் நம்பரை அந்த ஜாடி மூடியிலேயே எழுதி ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன்.