பேரேட்டில் இருந்த கையெழுத்து

அக்டோபர் 4

கடைக் கணக்கு எழுதியே 26 வருடம் ஓட்டியவன் நான். அதனாலோ என்னவோ, சிகாகோவின் கள்ளச்சாராயக் கும்பல் தலைவர் அல் கபோனின் கதையில் துப்பாக்கியைவிடக் கணக்குப் புத்தகம்தான் என்னை இழுக்கிறது. 1931 அக்டோபரில் சிகாகோவில் நடந்த அவருடைய வழக்கை இந்த மாதம் தேதிவாரியாக வாசித்து இங்கே எழுதப்போகிறேன்.

அமெரிக்காவில் மதுவிலக்கு 1920 ஜனவரி 17 அன்று அமலுக்கு வந்தது. அதைக் காக்கும் பொறுப்பு முதலில் நிதித்துறையிடம் போனது. ஏஜெண்டுகளுக்குச் சம்பளம் குறைவு, லஞ்சமோ தாராளம். உள்ளூர்ப் போலீசும் விலைக்குக் கிடைத்தது. 1929 பிப்ரவரி 14 அன்று கிளார்க் தெரு கராஜ் ஒன்றில் 7 பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுத் தள்ளினார்கள். கபோன் கும்பல் மேல்தான் சந்தேகம். ஆனாலும் அதற்காக ஒருவர்கூடத் தண்டனை பெறவில்லை. இதை எழுதும்போதே வயிறு எரிகிறது.

அக்டோபர் 6

விசாரணை தொடங்கிய நாள். கொலை வழக்கு இல்லை, வருமான வரி வழக்கு. இதற்கு வழி திறந்தது 1927-இல் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பு. சல்லிவன் என்ற கள்ளச்சாராய வியாபாரி, 'சட்டவிரோத வருமானத்தைக் கணக்குக் காட்டினால் நானே என்னைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும்' என்று வாதாடினார். நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த வழக்குக்குப் பின்னால் நின்றவர் மேபல் வாக்கர் வில்பிராண்ட் என்ற அரசு வழக்கறிஞர். அவர் பெயரை இன்னும் அதிகம் பேர் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஜூரிகளை கபோனின் ஆட்கள் விலைபேசுவதாகத் தகவல் வந்தது. நீதிபதி வில்கர்சன் தன் ஜூரிப் பட்டியல் முழுவதையும் அதே கட்டடத்தில் இருந்த இன்னொரு நீதிபதியின் பட்டியலோடு மாற்றிவிட்டார்.

அக்டோபர் 8

இன்று சில பக்கங்களுக்கு மேல் நகர முடியவில்லை.

பிராங்க் வில்சன், நிதித்துறையின் சிறப்புப் புலனாய்வுப் பிரிவில் எல்மர் ஐரியின் கீழ் வேலை பார்த்தவர். கபோன் பெயரில் வங்கிக் கணக்கு கிடையாது. புளோரிடா வீடுகூட மனைவி பெயரில். மாதக்கணக்கில் காகிதம் புரட்டிச் சலித்துப்போன ஒரு ராத்திரி, பழைய அலமாரி ஒன்றில் பழுப்புத் தாள் சுற்றிய கட்டு அவர் கையில் அகப்பட்டது. உள்ளே 3 பேரேடுகள். 1926-இல் சிகாகோவை ஒட்டிய சிசரோவில் கபோனின் சூதாட்ட விடுதி ஒன்றைச் சோதனை போட்டபோது எடுத்து வந்தவை. அதுவரை யாரும் அக்கறையாகத் திறந்து பார்க்கவில்லை.

சரி, எழுதியது யார்? அது தெரியாதவரை பேரேடு வெறும் தாள்தான். வங்கிச் சீட்டு, ஜாமீன் பத்திரம், வாக்காளர் பதிவு என்று கையெழுத்து மாதிரிகளைத் தேடித்தேடி ஒப்பிட்டார்கள். லெஸ்லி ஷம்வே என்ற கணக்குப்பிள்ளையின் எழுத்து பொருந்தியது. மயாமியில் நாய்ப் பந்தயத் திடலில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவரைத் தேடிப்பிடித்தார்கள்.

படித்துவிட்டுப் பரணிலிருந்து என் பழைய நாளேட்டை இறக்கிப் பார்த்தேன். நான் போடும் 7-இல் குறுக்கே ஒரு கோடு விழும். யார் எங்கே பார்த்தாலும் அது என்னுடையது என்று சொல்லிவிடலாம்.

அக்டோபர் 9

ஷம்வேயை நினைத்தே தூக்கம் கெட்டது. பேசாவிட்டால் எல்லோரும் பார்க்கச் சம்மன் கொடுப்பேன் என்றாராம் வில்சன். அப்படிக் கொடுத்தால் கபோனின் ஆட்கள் சும்மா விடமாட்டார்கள் என்று இருவருக்கும் தெரியும். பிரெட் ரைஸ் என்ற காசாளரைப் பூச்சி மொய்க்கும் சிறையில் அடைத்துத்தான் பேசவைத்தார்கள். இது எனக்குச் சரியாகப் படவில்லை. பிடிக்க வேண்டிய ஆளைத்தான் பிடித்தார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு உயிரைப் பணயம் வைத்தது சம்பளத்துக்குக் கணக்கு எழுதியவர்கள்.

ஷம்வே கூண்டில் ஏறினார். அந்தச் சூதாட்ட விடுதிக்கு 2 வருடத்தில் 5 லட்சம் டாலருக்கு மேல் லாபம் என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

அக்டோபர் 13

கபோனைப் பிடித்தது மதுவிலக்கு ஏஜெண்ட் எலியட் நெஸ் இல்லையா என்று கேட்கிறார்கள். அவரும் அவருடைய ஆட்களும் லாரியால் கதவை இடித்து நுழைந்து கபோனின் மதுவடிப்பு ஆலைகளை நொறுக்கியது உண்மை. அதில் கபோனுக்குப் பெரிய பண நஷ்டம். 5,000 மதுவிலக்குக் குற்றங்கள் அடங்கிய குற்றப்பத்திரிகையும் தயாரானது. ஆனால் அது விசாரணைக்கு வரவேயில்லை.

அக்டோபர் 17

சனிக்கிழமை ராத்திரி தீர்ப்பு. 5 குற்றங்கள் உறுதியாயின. கபோனின் சொந்த வக்கீல் மாட்டிங்லி வரி அலுவலகத்துக்குக் கொடுத்த கடிதமும் வினையானது. 1928, 1929 இரண்டு வருடமும் வருமானம் ஆண்டுக்கு 1 லட்சம் டாலருக்கு மிகாது என்று சமரசத்துக்காக எழுதிக்கொடுத்திருந்தார். மிகாது என்றாலும் வருமானம் இருந்தது என்று ஆகிவிட்டதே.

அக்டோபர் 24

11 ஆண்டு சிறை, 50,000 டாலர் அபராதம். முதலில் அட்லாண்டா சிறை, அப்புறம் 1934-இல் அல்காட்ராஸ் தீவுச் சிறை.

அடுத்து ஓல்ம்ஸ்டெட் வழக்கை எடுக்கிறேன். சியாட்டில் போலீஸ் அதிகாரியாக இருந்து சாராயக் கடத்தலுக்குப் போனவர். அவருடைய தொலைபேசியை ஏஜெண்டுகள் ஒட்டுக்கேட்டது செல்லும் என்று 1928-இல் உச்ச நீதிமன்றத்தில் 5 நீதிபதிகளும் செல்லாது என்று 4 பேரும் சொன்னார்கள். அந்த 4 பேரில் பிராண்டைஸ் எழுதியதை முதலில் வாசிக்க வேண்டும்.