ஹார்ட்டொப் வாரண்டி: "அது கல்லுப் பட்டிருக்கும் அக்கா"

கப் (பிக்கப்) வாகனத்தின் பின்பெட்டியை மூடுகிற கூரைதான் ஹார்ட்டொப். எனக்குப் புது ஹார்ட்டொப் வந்து பூட்டியாயிற்று. வாரண்டியில்தான், பொருளுக்கு ஒரு சதமும் கட்டவில்லை. அப்படியிருந்தும் அந்தக் கடைக் கவுண்டரை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. கப் வாகனத்துக்கு ஹார்ட்டொப் போட்டவர்களும் போட இருப்பவர்களும், முக்கியமாக வன்னிப் பக்கம் ஓடுகிறவர்கள், இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

எனக்குப் புதுக்குடியிருப்பில் விதை, உரக் கடை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியவர்கள் தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த இடைக்காலத்தில் யானை விலை, குதிரை விலை கொடுத்து வாங்கிய பழைய ஹைலக்ஸ் டபுள் கப் என்னுடையது. மாரி வந்தால் தறப்பாள் கட்டி, கயிறு இழுத்து, அப்படியும் ஒரு மூடை யூரியாவாவது கரைந்துவிடும். போதும் என்று ஓகஸ்ட் கடைசியில் வவுனியாவில் பைபர் ஹார்ட்டொப் ஒன்று வாங்கினேன். 3 வருட வாரண்டி. கடைக்காரர் சொன்ன கராச்சில் அன்றைக்கே பூட்டித் தந்தார்கள். அதுவரை எல்லாம் சுகம்.

ஒக்டோபரில் முதல் பெருமழை. ஒட்டுசுட்டானில் விதை இறக்கப் பின்கண்ணாடியைத் தூக்கினால், மேல் அடுக்கில் இருந்த பயற்றை விதைப் பைக்கற்றுகள் ஊறிப்போய்க் கிடக்கின்றன. காலபோக விதைப்புத் தொடங்கிய நேரம் வேறு. கையால் தடவிப் பார்த்தேன். இடது பக்கக் கண்ணாடியின் மேல் மூலையில் உள்பக்கமாக ஈரம். வெளியே அதே மூலையில் மெல்லிய கோடுகள், பக்கத்தில் பக்கமாக மூன்று நான்கு, பெயின்ற்றுக்குள் ஓடியிருந்தன.

சரி, வாரண்டி இருக்கிறதே என்று வவுனியாவுக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் வெளியே வந்து வாகனத்தைப் பார்க்கவில்லை. என் போனில் இருந்த படத்தை இரண்டு விரலால் பெருப்பித்துப் பார்த்தார். "அது கல்லுப் பட்டிருக்கும் அக்கா. உங்கட பக்கம் கிரவல் ரோட்டுத்தானே. அதுக்கு வாரண்டி வராது."

"கல்லுப் பட்டால் தண்ணி எப்படி உள்ளுக்க வரும் தம்பி?"

"அப்ப அது பூட்டினதில பிழையா இருக்கும். பூட்டிறது எங்கட வேலை இல்லை."

ஒரே மூச்சில் இரண்டு காரணம். கராச்சுக்குப் போனால் அந்த அண்ணை வந்து பார்த்தார், அதுவரை பரவாயில்லை. "நான் கிளாம்ப் இறுக்கினது அடியில. மேல் மூலை வெடிச்சா அது கம்பனிச் சாமான்ர பிழை" என்றார். சொன்னது நியாயம். அதை ஒரு கடதாசியில் எழுதித் தாருங்கோ என்றதும் அவருக்கு அவசர வேலை வந்துவிட்டது. போகிற போக்கில், "வேணுமெண்டால் சிலிக்கன் அடிச்சு விடுறன்" என்றார். நல்லவேளை, கைப்பைக்குள் வாரண்டி அட்டை இருந்தது. வெளியாள் திருத்தினாலோ மாற்றம் செய்தாலோ வாரண்டி ரத்து என்று அதில் இருக்கிறது. ஒழுகுகிறதே என்ற அந்தரத்தில் சிலிக்கன் பூசிவிட்டால் கதை அதோடு முடிந்தது. கடையில் ஒருவர் பிழை பிடிக்கவும் கராச்சில் ஒருவர் பூசி மறைக்கவும் என்று ஆள் வைத்திருக்கிறார்களோ என்று கூட நினைத்தேன்.

திரும்பக் கடைக்கு வந்தபோதுதான் அந்த வசனம். "அக்கா, வீட்டில ஆம்பிளையள் ஆரும் இருந்தா ஒருக்கா வரச் சொல்லுங்கோ, விளங்கப்படுத்தலாம்." வாகனம் என் பெயரில். பில் என் பெயரில். ஓடிக்கொண்டு போனதும் நான். என்ன விளங்கப்படுத்தப் போகிறார் என்று கேட்டேன், பதில் இல்லை. மனேச்சர் இருக்கிற நாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அவர் சொன்ன நாளிலேயே போனால் அன்றைக்குப் போயா விடுமுறை. ஷட்டர் இழுத்து மூடியிருக்கிறது. கனகராயன்குளம், ஓமந்தை என்று ஏ9 வீதியில் பெற்றோலைக் கொட்டிவிட்டு வந்ததுதான் மிச்சம்.

அதன்பிறகு நேரில் போய் நிற்பதை விட்டுவிட்டு, வீட்டில் இருந்து வாரண்டி அட்டையை வரி வரியாக வாசித்தேன். ஆங்கிலத்தில், கண்ணோடு ஒட்டிப் பிடித்து வாசிக்கிற அளவு சின்ன எழுத்து. நீங்களும் வாங்கும்போதே வாசியுங்கள். அதில் பைபர் உடலுக்கு 3 வருடம். கண்ணாடிக் கதவைத் தூக்கிப் பிடிக்கிற காஸ் ஷொக், லொக் எல்லாவற்றுக்கும் 1 வருடம். ரப்பர் பீடிங்குக்கு ஒன்றும் இல்லை. பின்னால் கீழே விழுத்தித் திறக்கிற கதவின் இடுக்கால் தண்ணீரோ தூசியோ வந்தால் பொறுப்பில்லை. இந்தக் கடைசி வரிதான் ஆளை விழுத்துவது. "தண்ணி ஒழுகுது" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், கீழ்க்கதவால் வந்த தண்ணி என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். எந்த இடத்தால் வருகிறது என்று நாம்தான் காட்ட வேண்டும்.

காட்டினோம். உள்ளே துடைத்துக் காயவைத்து, பெட்டி முழுக்கப் பழைய பேப்பர் விரித்து, பெறாமகனை டோர்ச் லைற்றோடு உள்ளே படுக்க வைத்துக் கதவைச் சாத்தினேன். ஹோஸ் பைப்பைக் கீழே இருந்து மேலே கொண்டுபோக வேண்டும், இது முக்கியம். மேலே இருந்து தொடங்கினால் தண்ணி எல்லாப் பக்கமும் வடிந்து, எங்கே புகுந்தது என்று தெரியாது. முதலில் கீழ்க்கதவு இடுக்கு, கொஞ்சம் கசிந்தது, அது எதிர்பார்த்ததுதான். பிறகு பெட்டி விளிம்பு. பிறகு கண்ணாடியின் கீழ்ச் சட்டம். ஒன்றும் இல்லை. மேல் மூலைக்குப் போனதும் உள்ளே இருந்து, "பெரியம்மா, வருது வருது, மூக்கிலயே விழுது!" அவன் உள்ளுக்குள் இருந்து எடுத்த வீடியோவில் வெடிப்பால் தண்ணி துளித்துளியாகக் கோர்த்து விழுவது பளிச்சென்று தெரிந்தது. அந்த வீடியோதான் பின்னால் கை கொடுத்தது.

கல் பட்ட கதைக்கும் பதில் வேண்டுமே. படகு பைபர் வேலை செய்கிற ஒருவர் முல்லைத்தீவுக் கரையில் எங்களுக்குத் தெரிந்தவர். வந்து பார்த்து, பொக்கற்றில் இருந்து ஐந்து ரூபாக் குற்றி ஒன்றை எடுத்து, அதன் விளிம்பால் தட்டிக்கொண்டே போனார். கூரை முழுக்க "டக், டக்". அந்த மூலைக்கு வந்ததும் சத்தம் செத்து "பொத், பொத்". மேலே இருக்கிற ஜெல் கோட் பூச்சுக்கும் அடியில் இருக்கிற பைபர் பாய்க்கும் இடையில் காற்று அகப்பட்டு, ரெசின் சரியாக ஊறவில்லை என்றார். வெயிலில் காற்று விரிய, ஓட்டத்தில் அந்த இடம் நெளிய, வெடிக்கத்தான் செய்யும். கல் பட்டிருந்தால் நடுவில் ஒரு புள்ளி இருக்கும், வெடிப்பு அதைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் விரியும். இங்கே மூலையிலிருந்து கோடுகள் பக்கம் பக்கமாகப் போகின்றன, ஆகவே கல் இல்லை. தட்டியதையும் சத்தத்தோடு வீடியோ எடுத்தேன். உங்கள் ஹார்ட்டொப்பைக் கடையில் வாங்குகிற அன்றே ஒரு குற்றியால் தட்டிப் பாருங்கள், முக்கியமாக மூலைகளையும் ஆணி துளைத்த இடங்களையும். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

இவ்வளவும் சேர்த்து, இறக்குமதி செய்த கொழும்புக் கம்பனிக்கே நேரே தொலைபேசி எடுத்தால், "சீரியல் இலக்கம் சொல்லுங்கோ." அட்டையில் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது, கடையில் நிரப்பவில்லை. ஸ்ரிக்கர் ஹார்ட்டொப்பின் உள்ளே ஒட்டியிருக்கும் என்றார்கள். பார்க்காத இடம் இல்லை. கடைசியில் கூரைக்கு உள்ளே ஒட்டியிருந்த சாம்பல் துணியின் முன் ஓரத்தை நகத்தால் மெதுவாகக் கிளப்பினால், அதற்கடியில் சிரித்துக்கொண்டிருக்கிறது. பூட்டியவர்கள் மேலால் துணியை ஒட்டிவிட்டார்கள். அன்றைக்கு வந்த சந்தோஷம் புது ஹார்ட்டொப் வந்த அன்றும் வரவில்லை. படம் எடுத்து அட்டையோடு வைத்துக்கொண்டேன். வாங்கும்போதே அந்த இலக்கத்தை எழுதுவித்து, கடை முத்திரையும் பூட்டியவரின் கையெழுத்தும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

அடுத்தது கடிதம். இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒத்துவராத பொருளைப் பற்றி எழுத்தில் முறையிடலாம். பொருளை மாற்றித் தரவோ, காசைத் திருப்பவோ, நட்டஈடு கொடுக்கவோ உத்தரவிட அதிகார சபைக்கு முடியும். ஆனால் வாங்கி 3 மாதத்துக்குள் முறைப்பாடு போக வேண்டும். "பாப்பம், பாப்பம்" என்று இழுத்தடிப்பதன் பலன் அங்கேதான் தெரியும். என்னுடைய 3 மாதம் நவம்பர் கடைசியோடு முடிகிறது. அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விபரம் கேட்டேன், முறைப்பாட்டை எழுதிப் பில் பிரதியோடு ஆயத்தமாக வைத்தேன். அதன் ஒரு பிரதியையும் வீடியோ இருந்த பென் டிரைவையும் சேர்த்துக் கம்பனிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். "இந்தத் திகதிக்குள் பதில் இல்லாவிட்டால் மூலப் பிரதி அதிகார சபைக்குப் போகும்" என்று மட்டும் எழுதினேன். ஒரு வரி ஏச்சுக் கிடையாது. ஏச வேண்டியதை எல்லாம் A9 வீதியிலேயே ஏசி முடித்திருந்தேன்.

அந்த வாரமே கொழும்பிலிருந்து அழைப்பு. அவர்களுடைய தொழில்நுட்ப ஆள் வவுனியாவுக்கு வந்தார். அவரும் முதலில், "மிஸ், பழைய வாகனம், பொடி முறுகியிருக்கலாம்" என்று தொடங்கினார். நான் ஒன்றும் பேசாமல் குற்றியைக் கையில் கொடுத்தேன். தட்டினார். மூலையில் நின்றார். திரும்பவும் தட்டினார். பக்கத்தில் நின்ற கவுண்டர் தம்பியைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ சொன்னார், தம்பி உள்ளே போய்ப் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தார். ஆம்பிளையள் ஒருவரும் தேவைப்படவில்லை.

வாகனத்தை அங்கே விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். விதைப்புக் காலத்தில் அது நடக்காது என்றேன். கழற்றி லொறியில் அனுப்பலாம் என்றதும், ஏற்றுக்கூலி வாரண்டியில் இல்லை என்றார்கள். போகிற கூலி எனக்கு, வருகிற கூலி அவர்களுக்கு என்று முடிந்தது. கழற்ற முன்பு நான்கு பக்கமும் படம் எடுத்து, வேறு காயம் இல்லை என்று படிவத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கினேன். லொறியில் உடைந்தால் அதற்கும் என் கிரவல் ரோட்டைத்தான் சொல்வார்கள்.

இன்னொன்று, படிவத்தில் புது ஹார்ட்டொப்பின் நிறத்தை வெள்ளை என்று மட்டும் எழுத விடாதீர்கள். ஹைலக்ஸில் நிற இலக்கம் 040 என்றால் சாதா வெள்ளை, 070 என்றால் முத்து வெள்ளை, இரண்டும் ஓடுகிறது. படிவத்தில் 070 என்று இருந்ததை, வாகனத்தில் இருக்கிற தகட்டைக் காட்டி 040 என்று வெட்டித் திருத்தினேன். பார்க்காமல் விட்டிருந்தால் முன்பாதி ஒரு வெள்ளை, பின்பாதி இன்னொரு வெள்ளை.

புதியது வந்ததும் பூட்ட முன்பே தட்டிப் பார்த்தேன், எல்லா இடமும் டக் டக்தான். அந்தக் கராச் அண்ணைதான் திரும்பப் பூட்டினார், இந்தமுறை அட்டையில் கேட்காமலே கையெழுத்து வைத்தார். வாரண்டி புதிதாகத் தொடங்காது, பழைய திகதியிலிருந்துதான் ஓடும். அதிலும் சண்டை பிடிக்க எனக்குத் தெம்பு இருக்கவில்லை. மழையில் உள்ளே காய்ந்திருக்கிறது. கீழ்க்கதவு இடுக்கால் செம்மண் தூசி இன்னும் வருகிறது, அதற்கு ரப்பர் பீடிங் வாங்கி நானே ஒட்டிவிட்டேன்.

மேல் பிரேக் லைற்றுத்தான் இன்னும் எரியவில்லை. ஹார்ட்டொப் கப்பின் லைற்றை மறைப்பதால் அதிலேயே ஒன்று இருக்கும், வந்ததன் சொக்கற் பழைய வயருக்குப் பொருந்தவில்லை. "வருது அக்கா, அடுத்த கிழமை வருது" என்கிறார் கவுண்டர் தம்பி. அதற்கும் கடிதம் எழுதிவிட்டேன், திங்கட்கிழமை பதிவுத் தபாலில் போகும்.