காயவெச்சா செத்துருமா?

"காயவெச்சா பூசணம் செத்துருமா கண்ணு?"

"அதுக்கு மேல வளராதுங்கண்ணா" என்றேன். பொய்யில்லை. ஆனால் அவர் கேட்டது அதுவல்ல என்று அப்போதே எனக்குத் தெரிந்துதான் இருந்ததா? ஆறு மாதமாக இதே குடைச்சல்.

கேட்டவர் மகரந்தம் விற்கும் சத்தியமங்கலத்துக்காரர். பெங்களூரு பீன்யாவில் எங்கள் உணவுப் பரிசோதனை லேப் கவுன்ட்டரில் தமிழ்க் குரல் கேட்டதும் நேராக என்னிடம் வந்துவிட்டார். தேன் கெடாது, அதனால் தேனீ கொண்டுவரும் மகரந்தமும் கெடாது என்று நம்பியிருந்தார். தேனீக் கூட்டு வாசலில் வைக்கும் பொறியிலிருந்து எடுக்கும்போது அந்த மகரந்த உருண்டைகளில் 20 முதல் 30 சதவீதம் ஈரம் இருக்கும். மழை நாளில் அப்படியே மூட்டை கட்டினால் ஆஸ்பெர்ஜில்லஸ் பூசணம் பிடிப்பதற்கு வேறென்ன வேண்டும்? அவர் மாதிரியில் அந்தப் பூசணம் உண்டாக்கும் நச்சான அஃப்ளாடாக்சின் பி1 வந்திருந்தது. பதப்படுத்தப் போகும் நிலக்கடலைக்கு கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு வைத்திருக்கும் வரம்பான கிலோவுக்கு 15 மைக்ரோகிராமையும் தாண்டி.

பூசணம் செத்தாலும் அது விட்டுப்போன விஷம் சாகாது என்று சொல்லியிருக்க வேண்டும். 40 டிகிரி உலர்த்தியில் ஈரம்தான் போகும். அஃப்ளாடாக்சின் எண்ணெயில் பொரித்தாலும் முழுதாகப் போகாது. வாடிக்கையாளருக்கு ஆலோசனை சொல்லக் கூடாது என்பது எங்கள் லேப் விதி, மேனேஜர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். சரி. அப்படியானால் "வளராதுங்கண்ணா" மட்டும் என்னவாம்?

பத்து நாளில் இன்னொரு பொட்டலம். "நீ சொன்ன மாதிரியே நல்லா காயவெச்சிருக்கேன் கண்ணு." அதே மூட்டையா என்று நான் கேட்கவில்லை. நச்சை அளக்கும் எச்பிஎல்சி கருவியில் கண்டறியும் அளவுக்குக் கீழே. அதே மூட்டையாக இருந்தாலும் இப்படி வரலாம்; நச்சு ஒரு கைப்பிடியில் குவிந்திருக்கும், பக்கத்துக் கைப்பிடி சுத்தமாக இருக்கும். 'பரிசோதித்த மாதிரிக்கு மட்டும்' என்ற வரி ரிப்போர்ட்டில் அச்சிலேயே உண்டு. கையெழுத்துப் போட்டேன்.

1974இல் ராஜஸ்தான், குஜராத் பக்கம் பூசணம் பிடித்த மக்காச்சோளம் தின்று நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். அது தினமும் தின்ற சோறு. மகரந்தம் ஒரு ஸ்பூன்தானே என்று சொல்லிக்கொள்வேன். அந்த ஒரு ஸ்பூனைப் பிள்ளைக்குத் தெம்பு என்றுதான் வாங்குகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

மாதிரி கொடுத்தபோது நிரப்பிய படிவத்தில் அவர் போன் நம்பர் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு முந்தைய மூட்டை இன்னும் விற்காமலா இருக்கும்?