முப்பது மெயிலுக்குப் பதில் இல்லை, முப்பத்தோராவதுக்கு வந்தது

கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டில்தான் கோடை விடுமுறையில் ஏதாவது ஒரு ஆய்வுக் குழுவில் சேர்ந்து வேலை பார்க்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். அப்போது ஜனவரி. கோடைக்கு இன்னும் நான்கைந்து மாதம் இருக்கிறதே என்று தேட ஆரம்பித்தால், கனடாவின் மைட்டாக்ஸ் குளோபலிங்க் போன்ற கோடைகால ஆய்வுத் திட்டங்களுக்கு முந்தைய ஆண்டு செப்டம்பர் வாக்கிலேயே விண்ணப்பம் முடிந்துவிட்டிருந்தது. அமெரிக்காவில் இளநிலை மாணவர்களுக்கான ஆர்இயு ஆய்வுத் திட்டங்களின் பட்டியலைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில் நடப்பவை அவை, பெரும்பாலும் எட்டு முதல் பத்து வாரம். ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து கட்டுரை எழுதிய பிறகுதான் தகுதிப் பகுதியைப் படித்தேன்; அந்த நிதியில் அமெரிக்கக் குடிமக்களையும் அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை உள்ளவர்களையும்தான் எடுக்க முடியும். எந்தத் திட்டமானாலும் முதலில் தகுதியைப் பாருங்கள், அப்புறம் கடைசித் தேதி, மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

மிச்சமிருந்த வழி பேராசிரியர்களுக்கு நேரடியாக எழுதுவது. இரண்டு வாரத்தில் முப்பது மெயில் போட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. பிஎச்டி பண்ணிக்கொண்டிருந்த ஒரு சீனியர் அக்காவிடம் அந்த மெயிலைக் காட்டினேன். படித்துவிட்டு, "பேரை மட்டும் மாத்தினா இதை யாருக்கு வேணும்னாலும் அனுப்பலாமே, அவருக்குன்னு இதுல என்ன இருக்கு?" என்று கேட்டார். ஒன்றும் இல்லைதான். 'தங்கள் ஆய்வில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு' என்று இருந்தது, எந்த ஆய்வு என்று இல்லை.

அதன் பிறகு மெயில் போடுவதை நிறுத்திவிட்டு ஒரே ஒரு பேப்பரை எடுத்துக்கொண்டேன். அடிக்கடி தேவைப்படுவதை உடனே எடுக்க வசதியாகப் பக்கத்திலேயே வைத்திருக்கும் சிறிய சேமிப்பிடம்தான் கேஷ்; அது நிரம்பிவிட்டால் எதை வெளியே தள்ளுவது என்பது பற்றிய பேப்பர் அது. ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பாடத்தில் எல்ஆர்யு, அதாவது ரொம்ப நேரமாகத் தொடாததை முதலில் தள்ளும் முறை, படித்திருந்ததால் முழுக்கப் புதிதாக இல்லை. பேப்பர் படிப்பது எப்படி என்று கம்ப்யூட்டர் சயின்ஸ் பேராசிரியர் கேசவ் 2007-ல் எழுதிய மூன்று சுற்று முறைப்படிதான் படித்தேன்: முதல் சுற்றில் தலைப்பு, சுருக்கம், முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை மட்டும், இரண்டாவதில் நிரூபணங்களை விட்டுவிட்டு படங்களையும் வரைபடங்களையும் கவனமாகப் பார்ப்பது, மூன்றாவதில் அதே வேலையை நாமே மறுபடி செய்வதுபோல் யோசித்துப் படிப்பது. கோட் கிட்ஹப்பில் இருந்தது, அவர்கள் பயன்படுத்திய ட்ரேஸ்களில், அதாவது எந்தெந்த வேண்டுகோள் எந்த வரிசையில் வந்தது என்ற பதிவுகளில், சிலவும் பொதுவில் இருந்தன, அதனால் மூன்றாவது சுற்றில் யோசிப்பதோடு நிற்காமல் ஓட்டியே பார்த்தேன்.

எண் பொருந்தவில்லை. அவர்களுடைய புது அல்காரிதம் இருக்கட்டும், சாதாரண எல்ஆர்யு-வுக்கே என் ஹிட் ரேட் (தேடியது கேஷிலேயே கிடைத்த விகிதம்) அவர்கள் போட்டிருந்ததைவிட மூன்று சதவீதம் குறைவு. இரண்டு ராத்திரி என் ஸ்கிரிப்டைத்தான் சந்தேகப்பட்டேன். கடைசியில் காரணம் பேப்பரிலேயே, ஒரு பத்தியின் நடுவில் ஒரு வரியாக இருந்தது: கேஷ் நிரம்பும் வரை வந்த வேண்டுகோள்களை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை, நான் முதல் வரியிலிருந்தே எண்ணியிருந்தேன். காலியான கேஷில் எதைத் தேடினாலும் கிடைக்காது, அந்தத் தவறல்களை அல்காரிதத்தின் தலையில் கட்ட முடியாதுதானே. அவற்றை விட்டுவிட்டு எண்ணியதும் எண் பொருந்தியது. அந்த நிம்மதியோடு ஒரு கேள்வியும் வந்தது: அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகும் சர்வரில் இந்த ஆரம்பக் கட்டமே பெரும்பகுதியாக இருக்குமே, அங்கே எது ஜெயிக்கும்?

முப்பத்தோராவது மெயில் இதைப் பற்றித்தான். உங்கள் பேப்பரின் இந்த முடிவை ஓட்டிப் பார்த்தேன், இந்த இடத்தில் மாறியது, காரணம் இது, ஸ்கிரிப்ட் இந்தச் சுட்டியில் இருக்கிறது, எனக்கு வந்த கேள்வி இது, கோடையில் இதில் வேலை செய்ய இடம் இருக்குமா. அவ்வளவுதான், ஏழெட்டு வரி. பேராசிரியரோடு முதல் ஆசிரியராக இருந்த பிஎச்டி மாணவரையும் சேர்த்து அனுப்பினேன், அந்த கோட் எழுதியவர் அவராகத்தான் இருப்பார் என்று ஒரு கணிப்பு. இரண்டாம் நாள் அவர்தான் பதில் போட்டார்.

அதைத் தொடர்ந்து அவர்களோடு ஒரு வீடியோ அழைப்பு, அரை மணி நேரம். மதிப்பெண் பற்றி யாரும் கேட்கவில்லை. ஸ்கிரிப்டைத் திரையில் வைத்துக்கொண்டு ஏன் இந்த ட்ரேஸை எடுத்தாய் என்றார்கள்; என் லேப்டாப் மெமரியில் அடங்கியது அது ஒன்றுதான் என்று உள்ளதைச் சொன்னேன். நானும் இரண்டு கேட்டேன்: தினமும் எனக்கு வழிகாட்டப் போவது யார், உதவித்தொகை உண்டா. இரண்டாவதைக் கேட்கத் தயங்காதீர்கள், பணம் இல்லாமல் இரண்டு மாதம் வெளியூரில் இருக்க எல்லோராலும் முடியாது, நிதி இருக்கிறதா என்று அவர்களும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம் முறைப்படியான விண்ணப்பம், அதற்கு இரண்டு சிபாரிசுக் கடிதம். அதிக மதிப்பெண் போட்ட ஆசிரியரிடம் முதலில் போகலாம் என்றிருந்தேன், ஆனால் அறுபது பேர் வகுப்பில் அவருக்கு என் முகமே ஞாபகம் இருக்காது. லேபில் நான் எழுதிய புரோகிராம்களை வரி வரியாகப் பார்த்த ஆசிரியரிடமும் ப்ராஜெக்ட் வழிகாட்டியிடமும் கேட்டேன். கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்பே போய், அவர்களோடு நான் செய்தது என்ன, எங்கே சிக்கினேன், எப்படிச் சரிசெய்தேன் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். "இதைப் பாக்கலன்னா ரெண்டு வரிதான்மா எழுதியிருப்பேன்" என்றார் லேப் மேடம்.

ஏப்ரல் கடைசியில் சேரச் சொல்லிக் கடிதம் வந்தது. முதல் வாரம் எனக்குக் கொடுத்த வேலை, அதே ஸ்கிரிப்டை லேபின் சர்வரில், என் லேப்டாப்பில் அடங்காத ட்ரேஸ்களில் ஓட்டுவது.