212 வாழை, 18 சென்ட், ஒரு கூட்டுப் பட்டா

விடிகாலை நாலரைக்குப் பக்கத்துக் கொல்லைக்காரர் போன் பண்ணினார். "தம்பி, உங்க வாழையில ஆனை பூந்துட்டுது. இப்ப வராத, இன்னும் உள்ளதான் கீது."

குடியாத்தத்திலிருந்து பலமநேர் போகிற ரோட்டில், சைனகுண்டா செக்போஸ்ட்டுக்கு முன்னாடியே பிரிந்து உள்ளே போனால் எங்கள் ஊர். கொல்லையில் நின்றால் காப்புக்காட்டு எல்லைக்கல் தெரியும். காட்டுக்கு அந்தப் பக்கம் ஆந்திராவின் கவுண்டின்யா சரணாலயம். 1980-களில் ஓசூர்க் காடுகளிலிருந்து யானைகள் அங்கே போய்த் தங்கின. 1990-ல் அதைச் சரணாலயமாக அறிவித்தார்கள். இந்த வரலாறெல்லாம் நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, வேண்டாம். தார் விட்டு ஒரு மாதமான வாழை மண்ணில் கிடக்கிறது, அவ்வளவுதான்.

விடிந்ததும் அவர் செய்யப்போன முதல் காரியம், விழுந்த மரங்களை வெட்டி மாட்டுக்குப் போடுவது. நல்லவேளையாகத் தடுத்தேன். வனத்துறை ஆள் வந்து பார்க்கிற வரை ஒரு மட்டையைக்கூட நகர்த்தாதீர்கள். எல்லா பக்கமும் போட்டோ எடுங்கள். எல்லைக்கல்லோ கிணறோ அதில் தெரியட்டும்.

பதினொரு மணிக்கு வனக்காப்பாளர் வந்தார், கூடவே வேட்டைத் தடுப்புக் காவலராக இருக்கும் ஒரு பையன். ஈர மண்ணில் பதிந்த முன்னங்கால் தடத்தைச் சுற்றி அவன் ஒரு கயிற்றை வைத்தான். கயிற்றை டேப்பில் பிடித்தால் நாலடி மூணு அங்குலம். "ரெண்டால பெருக்குங்கண்ணா, தோள் உயரம் வந்துடும். எட்டரை அடி." தின்ற விதத்தையும் அவன்தான் காட்டினான். காயை அதிகம் தொடவில்லை. மரத்தைச் சாய்த்து, காலால் மிதித்து, பட்டையை உரித்து, நடுவில் இருக்கிற வெள்ளைத் தண்டை மட்டும் உருவியிருக்கிறது. என் பெரிம்மா பொரியலுக்கு உரிப்பது போலவே. இலை கிழிந்தது கணக்கில் வராது, மரம் முறிந்தால்தான் என்று சொல்லி எண்ணினார்கள். 212.

இழப்பீடு கேட்டு வனத்துறை ரேஞ்சர் ஆபீசில் மனு கொடுத்தோம். ஆதார், பாஸ்புக், சிட்டா, அடங்கல், போட்டோ, விஏஓ சான்று எல்லாம் இணைக்கச் சொன்னார்கள். வாழை தோட்டக்கலைப் பயிர் என்பதே எனக்குத் தோன்றவில்லை. சேத மதிப்பீட்டுக்கு வேளாண்மை அலுவலகத்துக்குப் போய் ஒரு நாளை வீணாக்கினேன்.

எந்த நிலத்தில் என்ன பயிர் என்று விஏஓ எழுதி வைக்கும் கணக்குதான் அடங்கல். அதில் போன போகத்து நிலக்கடலையே இருந்தது. வாழை நட்டதை நாங்கள் சொல்லவில்லை, யாரும் வந்து பார்க்கவும் இல்லை. யானை நிலக்கடலைத் தோட்டத்தில் வாழையைத் தின்றது என்று எழுத முடியுமா? அதைத் திருத்தவே பத்து நாள் ஆனது. அதற்குள் கொல்லை முழுக்க அழுகல் நாற்றம்.

அடுத்தது பட்டா. அது இன்னும் தாத்தாவின் மூன்று பிள்ளைகள் பேரிலும் கூட்டாகக் கிடக்கிறது. பணம் நைனா கணக்குக்கு வர, மற்ற இருவரின் சம்மதக் கடிதம் வேண்டும். சித்தப்பா பெங்களூரில். அவர் கூரியரில் அனுப்பிவிட்டார். பெரிப்பா இரண்டு தெரு தள்ளித்தான், ஆனால் கிணத்துத் தண்ணி முறையில் சண்டையாகி நாலு வருஷமாக நைனாவோடு பேச்சில்லை. நான்தான் போனேன். பெரிம்மா மோர் கொடுத்தார். பெரிப்பா கடிதத்தை ரெண்டு தடவை படித்தார்.

"நட்டவன் உங்க நைனா. ஆனை தின்னது அவன் பங்குலயா என் பங்குலயான்னு ஆனையத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

தோட்டக்கலை அலுவலர் 212 மரத்தை 18 சென்ட் என்று கணக்கிட்டார். அரசு கொடுப்பது ஏக்கருக்கு அதிகபட்சம் 25,000 ரூபாய். ஆக 4,500. தாருக்கு 150 என்று வைத்தாலும் போனது முப்பதாயிரத்துக்கு மேல். இதை இழப்பீடு என்று எழுதுகிறார்களே, அந்தச் சொல்தான் எனக்கு உறுத்துகிறது.

நடுவில் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் விவசாயிகள் குறைதீர்வுக் கூட்டத்துக்கும் ஒருதரம் போனேன். அங்கே யானையைவிடக் காட்டுப்பன்றிக்குத்தான் புகார் அதிகம். "எங்கப்பா காலத்துல நாட்டுத் துப்பாக்கி இருந்துச்சு, பன்னி இந்தப் பக்கம் எட்டிப் பாக்காது" என்றார் ஒரு பெரியவர். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பேச்சுக்கு இடமில்லை. 2025-ல் அரசு அறிவித்த ஏற்பாட்டிலும் சுடுவது வனத்துறைதான், விவசாயி இல்லை. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றுக்கு மேல்தான் சுட முடியும். எங்கள் கொல்லை முதல் கிலோமீட்டரிலேயே வருகிறது. பன்றி அதிகமாக வருவதும் அங்கேதான்.

கரண்டு கம்பி கட்டிவிடலாம் என்று ஊரில் ஒருத்தர் யோசனை சொன்னார். நைனா அவரோடு அதற்குப் பிறகு டீ குடிக்கவில்லை. லைனிலிருந்து நேராக இழுத்த கம்பியில் யானையும் செத்திருக்கிறது, தண்ணி பாய்ச்சப் போன ஆளும் செத்திருக்கிறார். சோலார் வேலி போடுவதானால்கூட 2023-ல் வந்த மின்வேலி விதிகளின்படி பதிவு செய்ய வேண்டும்.

ஒதுக்கீடு வரவில்லை, வந்ததும் ஏறிவிடும் என்ற பதிலை ஐந்து மாதம் கேட்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் நைனாவின் போனுக்கு மெசேஜ் வந்தது: 4,500. ஜெராக்ஸுக்கும் பெட்ரோலுக்கும் நான் செலவழித்தது 640. நைனா பணத்தை எடுத்து அதில் ஆயிரத்தைப் பெரிப்பா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். அது அப்படியே திரும்பி வந்தது, கூடவே ஒரு சீப்பு வாழைப்பழமும்.

இப்போது உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்க மனு கொடுத்திருக்கிறோம். சர்வேயர் வருகிற அன்று சங்கிலி பிடிக்க ஆள் வேண்டும். பெரிப்பா தானே வருவதாகச் சொல்லியிருக்கிறார்.