சமையலறைச் சுவர் வெடிப்பு: காப்பார் வீட்டில் செய்து பார்த்தது

மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள காப்பாரில் எங்கள் தாமான் (வீடமைப்புப் பகுதி) இருக்கும் நிலம் முன்பு செம்பனைத் தோட்டம். இந்தக் கடற்கரையோரத்தில் கீழே இருப்பது கடல் களிமண். சில இடங்களில் 20 மீட்டருக்கும் ஆழமாகப் போகும். மேலே பாரம் ஏறினால், களிமண் உள்ளே பிடித்து வைத்திருக்கும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அமுங்கும். இது முடிய வருடக்கணக்காகும். எவ்வளவு வேகத்தில் அமுங்கும் என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்ல முடியும் என்று 1925இல் காட்டியவர் மண்ணியல் பொறியாளர் கார்ல் டெர்சாகி. நம் ஊரில் பின்கட்டை இழுத்துக் கட்டிய வீடுகளில் விழும் வெடிப்புகளில் பாதிக்கு மேல் அந்தக் கணக்குக்குள்தான் வரும் என்பது என் எண்ணம்.

எங்கள் வீட்டில் இரண்டு வெடிப்புகள். ஒன்று போர்ச் தரையில், குறுக்கே நேராக ஓடுகிறது. இன்னொன்று பழைய வீடும் முன்பு இருந்தவர் நீட்டிக் கட்டிய சமையலறையும் சேரும் இடத்தில். அப்பா இரண்டையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டு, “சிமெண்டைக் குழைச்சு அடைச்சிட்டா சரியாப் போயிடும்பா” என்றார். இதற்கு முன்னும் அப்படித்தான் அடைத்திருக்கிறார்கள். அந்தப் பூச்சுக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒரு கோடு விழுந்திருந்தது. வெடிப்பு நின்றுவிட்டதா, இன்னும் நகர்கிறதா என்று தெரியாமல் எதை வைத்து அடைத்தாலும் வீண்.

பிப்ரவரி

போர்ச் தளம் 100 மில்லிமீட்டர் கனம், 6 மீட்டர் நீளம், நடுவில் ஒரு வெட்டுக்கோடுகூட இல்லை. கான்கிரீட் காயும்போது மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் வரை சுருங்கும். அதனால்தான் இந்தக் கனத்துக்கு 3 மீட்டருக்கு ஒரு இடத்தில், கனத்தில் கால் பங்கு ஆழத்துக்கு அறுத்துவிடச் சொல்கிறார்கள். அறுக்காவிட்டால் கான்கிரீட் தானாக ஒரு இடம் பார்த்துப் பிளந்துகொள்ளும். இங்கே பிளந்தது கிட்டத்தட்ட நட்ட நடுவில். இரு பக்கமும் ஒரே மட்டம். கை வைத்துத் தடவினால் படி தட்டவில்லை. பயப்பட ஒன்றுமில்லை.

சமையலறை வெடிப்பு வேறு கதை. மேலே 4 மில்லிமீட்டர் அகலம், கீழே வர வர மயிரிழை. மேலே வாய் பிளந்திருந்தால் சமையலறையின் கோடி பக்கம் இறங்கிச் சாய்கிறது என்று அர்த்தம். வெடிப்பின் இரு பக்கமும் சிறிய எஃகு ஆணி ஒவ்வொன்று அடித்து, இடைவெளியை வெர்னியர் அளவுகோலில் அளந்து, தேதியோடு சுவரிலேயே பென்சிலால் எழுதினேன். மேல் ஜோடி 46.2 மில்லிமீட்டர், கீழ் ஜோடி 44.0.

ஏப்ரல்

மேல் ஜோடி 46.5. கீழே அதே 44.0. சந்தேகமே இல்லை, நகர்கிறது.

பதிவு பெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவரை வரச் சொன்னேன். அஸ்திவாரம் என்று வந்துவிட்டால் இந்தச் செலவை மிச்சம் பிடிக்கக் கூடாது என்று எல்லாரிடமும் சொல்வேன். பின்சுவர் ஓரமாக ஒரு குழி தோண்டிப் பார்த்தோம். சமையலறை நிற்பது ஆழமில்லாத கான்கிரீட் பட்டையின் மேல். பழைய வீட்டு வரைபடத்தில் பாக்காவ் மரப் பைலிங், அதாவது மண்ணுக்குள் அடித்து இறக்கிய சதுப்புநில மரக் கழிகள், இருக்கிறது. நிலத்தடி நீருக்குக் கீழேயே இருக்கும்வரை பாக்காவ் கெடாது. ஆக வீடு அசையவில்லை, சமையலறை மட்டும் இறங்குகிறது. அதோடு கூரைத் தண்ணீர்க் குழாய் அந்தச் சுவரடியிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. சுவரோரத் தரையைக் கம்பியால் தட்டினால் பானையைத் தட்டிய மாதிரிச் சத்தம். அடியில் நிரப்பிய மண்ணைத் தண்ணீர் அரித்துக்கொண்டு போயிருந்தது.

முதல் வேலையாகக் குழாயை நீட்டிக் கால்வாயில் விட்டோம்.

ஜூன்

காய்ந்த மாதம், போர்ச்சுக்கு ஏற்ற நேரம். வெடிப்பைக் கிரைண்டரால் லேசாக வாய் அகலப்படுத்தி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தூசியை உறிஞ்சி எடுத்தேன். கான்கிரீட் தூசி நுரையீரலுக்கு ஆகாது, நல்ல முகமூடி இல்லாமல் தொடாதீர்கள். தண்ணீர் மாதிரி ஓடும் எபோக்சிப் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஊற்றினேன். நம் வெயிலுக்கு அது சீக்கிரம் இறுகிவிடும், மொத்தமாகக் கலந்தால் டப்பாவிலேயே சூடேறிக் கல்லாகிவிடும். வெடிப்பு குடித்து முடிக்கும்வரை மேலே விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

மேல் ஜோடி 46.6.

ஆகஸ்ட்

மறுபடியும் 46.6. குழாயைத் திருப்பியது வேலை செய்திருக்கிறது.

சமையலறைக்கு அடியில் மைக்ரோபைல் (ஆழமாக இறக்கும் மெல்லிய தூண்கள்) இறக்கலாம், ஆனால் இவ்வளவு இலேசான கட்டடத்துக்கு இப்போது அவசரமில்லை என்றார் பொறியாளர். அவர் சொன்ன வழி, இரண்டையும் சுத்தமாகப் பிரித்துவிடுவது. ஒட்டியிருந்தால் இறங்குகிற சுவர் நிற்கிற சுவரையும் இழுத்துக் கிழிக்கும்.

கொத்தனார் அண்ணன் பழைய பூச்சை மேலிருந்து கீழ்வரை 12 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டி எடுத்தார். உள்ளே இரண்டு கம்பிகள் பழைய சுவருக்குள் போயிருந்தன, அவற்றையும் அறுத்தாயிற்று. பிறகு இடைவெளியைவிடச் சற்றுத் தடித்த நுரைக் கயிற்றை அழுத்தி உள்ளே தள்ளி, அதன் மேல் 6 மில்லிமீட்டர் ஆழத்துக்கு பாலியூரிதேன் சீலண்ட் என்ற அடைப்புப் பசை. எனக்கு மிகவும் பிடித்துப்போனது அந்தக் கயிறுதான். சீலண்ட் இரண்டு பக்கச் சுவரில் மட்டும் ஒட்ட வேண்டும். பின்னாலும் ஒட்டிக்கொண்டால் நீள வழியில்லாமல் நடுவில் கிழியும். நுரையில் அது ஒட்டாது. மெல்லிதாக இருப்பதால் ரப்பர் போல இழுபடும். “இவ்ளோ கொஞ்சமா அண்ணே?” என்று கேட்டேன். “கூடப் போட்டாத்தான் தம்பி கெடும்” என்றார்.

தரைக்கு அடியில் இருந்த பொந்தில் துளை போட்டு, சுருங்காத கிரவுட்டை (சிமெண்ட் குழம்பை) ஊற்றி நிரப்பினார்.

நவம்பர்

நல்ல மழை. மேல் ஜோடி 46.8. சீலண்ட் எங்கும் பிரியவில்லை. இந்த வகை, அகலத்தில் கால் பங்கு, அதாவது 3 மில்லிமீட்டர் வரை தாங்கும். அதில் இதுவரை போனது 0.2. அடுத்த மழைக்காலத்துக்குள் 47.5ஐத் தாண்டினால் மைக்ரோபைல் பேச்சை எடுப்போம் என்று பொறியாளரும் நானும் முடிவு செய்திருக்கிறோம். சமையலறைக்குப் புது ஓடு பதிக்க வேண்டும் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார். அடுத்த வருட அளவு வரும்வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.